தூண்டில் கழி எத்தனை அடி?



அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து ரீல்ஃபுட் ஏரி 1811-12 நிலநடுக்கங்களில் உருவானது. தண்ணீருக்கடியில் மரக்கட்டைகள், அவற்றை ஒட்டித்தான் கிராப்பி மீன் ஒதுங்கும். ஆழமில்லாத இடத்தில் படகு கிட்டே போனா மிரண்டுடும். ஆகவே 10, 12 அடிக் கழியை நீட்டித் தூண்டிலை நேர்கீழே இறக்க வேண்டும். வீசிப் பிடிக்க 6, 7 அடி போதும். படகின் முன்னால் விசிறி மாதிரிப் பல கழிகளை விரிப்பவர்கள் 14, 16 அடி வைப்பார்கள். அதைத் தாங்கி சுமக்கும், கை அல்ல.

நம்ம கான்டிலீவர் பாடம் ஞாபகம் இருக்கா? அதே தடிமன், அதே சுமை, நீளம் இரட்டித்தால் வளைவு 8 மடங்கு! கிராப்பிக்கு வாய்ச்சதை காகிதம் மாதிரி. விறைத்த கழியால் வெடுக்குன்னு இழுத்தா கிழிஞ்சு மீன் போயிடும். ரொம்பத் தொய்ந்தாலோ முள் ஏறாது.

கையில் பிடிக்க என் ஓட்டு 10 அடிக்கே. 16 அடியைத் தலையில் கட்டப் பார்க்கும் கடைக்காரரை, அதை ஒற்றைக் கையால் பத்து நிமிஷம் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்க!