முதியோர் இல்லத்தை எப்படி மதிப்பிடுவது?

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் தாதி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம், நம்மில் பலர் வாய் திறந்து பேசக் கூச்சப்படும் ஒன்று. வயதான தாய் தகப்பனை முதியோர் இல்லத்தில் விடுவது பற்றியது. "பெத்தவங்களக் கொண்டு போயி இல்லத்துல விடுறதா? ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "நான் கொழும்புல கடையில நிக்கிறேன். தங்கச்சி வெளிநாட்டுல. வீட்டுக்காரி விடிஞ்சா மலைக்குப் போயிடுவா. விழுந்து கிடக்கிற அப்பாவ யாருதான் பாக்கிறது?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நமது நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்குப் 12 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். அதன்பின் இந்தத் தொகை கூடியே வந்திருக்கிறது. லயத்துக் காம்பராவில் தனியாகக் கிடக்கும் முதியோரை நீங்களும் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன்.

விடுவதா, வேண்டாமா என்பது உங்கள் குடும்பம் கூடிப் பேசி, முக்கியமாக அந்தப் பெரியவரையும் கேட்டு, எடுக்க வேண்டிய முடிவு. அதில் நான் தலையிடவில்லை. விடுவதென்று முடிவானால், நல்ல இல்லம் எது, கெட்ட இல்லம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

கோப்பைத் தேத்தண்ணியைப் போல

1966 ஆம் ஆண்டில் அவெடிஸ் டொனபீடியன் என்ற வைத்திய அறிஞர், சிகிச்சையின் தரத்தை எப்படி அளப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது மூன்று விடயங்கள். இடத்தில் என்ன இருக்கிறது என்று பார். அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார். அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்று பார்.

இது நமக்குப் புதிதல்ல. ஸ்டோரில் மெஷின் எல்லாம் புதிதாக இருக்கலாம். ஆனால் கொழுந்தைச் சரியாக வாட்டாமல், நேரத்துக்கு அரைக்காமல் விட்டால், கடைசியில் கோப்பையில் தெரிந்துவிடும். அதனால் மெஷினையும் பார்க்க வேண்டும், வேலையையும் பார்க்க வேண்டும், குடித்தும் பார்க்க வேண்டும். முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போகும் நாம் பெரும்பாலும் மெஷினை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். "நல்ல டைல் போட்டிருக்காங்க, வாசல்ல பூச்செடி எல்லாம் வச்சிருக்காங்க" என்று திருப்திப்பட்டு விடுகிறோம். டைல் தண்ணீர் கொடுக்காது. பூச்செடி இரவில் எழுந்து வந்து புரட்டிப் படுக்க வைக்காது.

முதலாவது: என்ன இருக்கிறது?

முதலில் இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில், முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்து ஆட்கள். "எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டால் பகல் கணக்கைச் சொல்வார்கள். நீங்கள் இரவுக் கணக்கைக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்? பயிற்சி பெற்ற தாதி எப்போது வருவார்? திடீரென்று நெஞ்சு வலித்தால் எந்த வைத்தியசாலைக்கு, எந்த வாகனத்தில் கொண்டு போவார்கள்?

மலசலகூடத்துக்குப் போய்ப் பாருங்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? தரை வழுக்குகிறதா? இரவில் வெளிச்சம் இருக்கிறதா? நமது மலைநாட்டுக் குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி இருக்கிறதா?

பாஷையையும் மறக்க வேண்டாம். நமது தாத்தாவுக்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருக்கலாம். அங்கே வேலை செய்பவர்களுக்குச் சிங்களம் மட்டுமே தெரிந்திருக்கலாம். அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், "தண்ணி தாங்க", "இடுப்பு வலிக்குது", "வெளிக்குப் போகணும்" என்ற மூன்று வார்த்தை விளங்காவிட்டால் பராமரிப்பு எங்கே நடக்கும்? தமிழ் தெரிந்தவர் பகலில் ஒருவர், இரவில் ஒருவராவது உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த மாதிரி வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் சிங்களத்தையும் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டிக் கொடுங்கள்.

சில இல்லங்கள் எழுந்து நடமாடக் கூடியவர்களை மட்டுமே சேர்க்கின்றன. "பிறகு படுக்கையில் விழுந்தால் வைத்திருப்பீர்களா, திருப்பி அனுப்புவீர்களா?" என்பதையும், காலமானால் நமது முறைப்படி கிரியை செய்ய உடலைத் தருவார்களா என்பதையும் சேர்க்கும் நாளிலேயே கேட்டு வையுங்கள். கேட்க வாய் வராதுதான். ஆனாலும் கேட்க வேண்டும்.

இரண்டாவது: என்ன செய்கிறார்கள்?

இதை அறிய ஒரே வழி, சொல்லாமல் போய் நிற்பது. சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களா, கை நடுங்குபவருக்கு ஊட்டி விடுகிறார்களா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் கழித்துத் தட்டு அப்படியே திரும்பிப் போனால், "சாப்பிடவில்லை" என்று யாராவது கவனித்தார்களா? பல் இல்லாத அப்பாயிக்கு கட்டி ரொட்டியைக் கொடுத்துவிட்டு, "அவங்களுக்குப் பசி இல்ல" என்று சொல்வதும் நடக்கிறது.

தண்ணீர்க் கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? யாராவது கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார்? பேர் சொல்லி, "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுகிறார்களா, "ஏய் கிழவி" என்கிறார்களா? உடுப்பு மாற்றும்போது திரையை இழுத்து மறைக்கிறார்களா? கூலி வேலை செய்த உடம்புக்கும் மானம் உண்டு.

கட்டி வைத்தல் என்று ஒன்று இருக்கிறது. கட்டிலோடு, கதிரையோடு சேலைத் துண்டால் கட்டி, "விழாம இருக்கத்தான்" என்பார்கள். அமெரிக்காவில் 1987 இல் வந்த சட்டம், ஊழியரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியோரைக் கட்டி வைக்கக் கூடாது என்று சொல்கிறது. மருந்து கொடுத்து மயக்கத்தில் வைப்பதையும் அந்தச் சட்டம் அதே கணக்கில்தான் சேர்க்கிறது. நீங்கள் எந்த நேரம் போனாலும் பெரியவர் தூங்கி வழிந்துகொண்டே இருந்தால், என்னென்ன குளிசை கொடுக்கிறார்கள், யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் வாங்கிப் பாருங்கள்.

மூன்றாவது: பெரியவர் எப்படி இருக்கிறார்?

கோப்பைத் தேத்தண்ணி இதுதான். உடம்பைப் பாருங்கள். உடம்பு பொய் சொல்லாது.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் தராசைப் பார்த்துக் கேட்கிறோமே, பெற்றவர்களின் நிறையையும் அப்படிக் கேளுங்கள். மாதம் ஒரு தடவை நிறுத்து எழுதுகிறார்களா? ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கு நிறை குறைந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. 50 கிலோ உள்ளவர் இரண்டரைக் கிலோ குறைந்தால், காரணம் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நாக்கைப் பாருங்கள். வறண்டிருந்தால், சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால், தண்ணீர் போதவில்லை. நகத்தையும் வாயையும் பாருங்கள். சிறுநீர் வாடை வந்தால் உடுப்பை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

படுக்கையில் கிடப்பவராக இருந்தால் போர்வையை விலக்கிப் பாருங்கள். நடுமுதுகின் அடியில், இடுப்பு எலும்பில், குதிக்காலில், கணுக்காலில் படுக்கைப் புண் வரும். புண்ணாக வெடிக்கும் முன்பே அடையாளம் தெரியும். அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். நமது கறுத்த தோலில் சிவப்பு இலேசில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது தாதிமாரின் பழைய ஒழுங்கு. புரட்டும் நேரத்தை எழுதி வைக்கும் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இங்கே நியாயமாகவும் இருக்க வேண்டும். நன்றாகப் பார்க்கும் இடத்திலும், ஏன், பிள்ளைகள் பார்க்கும் வீட்டிலும், கடும் நோயாளிக்குப் புண் வரலாம், ஆள் விழலாம். அதனால் ஒரு புண்ணைக் கண்டதும் சண்டைக்குப் போகாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது கண்டீர்கள்? எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? இப்போது என்ன செய்கிறீர்கள்? நல்ல இல்லத்தில் மூன்றுக்கும் பதில் இருக்கும். கெட்ட இல்லத்தில் நீங்கள் காட்டித்தான் அவர்களே பார்ப்பார்கள்.

கடைசியாக, பெரியவரிடமே கேளுங்கள், வேலைக்காரர் பக்கத்தில் இல்லாதபோது. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்பா, நீ கவலப்படாத" என்றுதான் சொல்வார்கள். பிள்ளைக்குப் பாரமாகக் கூடாது என்று நினைக்கும் சனம் நாம். ஆகவே, "நேத்து ராவைக்கு என்ன சாப்பிட்டீங்க? யாரு குளிக்க வாத்தது? ராத்திரி கூப்பிட்டா வர்றாங்களா?" என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரரையும் கேளுங்கள்.

குறை கண்டால் என்ன செய்வது?

முதலில் பொறுப்பாளரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். சொன்ன திகதியை எழுதி வையுங்கள். சரிவராவிட்டால் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அது உங்கள் உரிமை. கட்டணம் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பெரியவரின் வங்கிப் புத்தகத்தையோ அடையாள அட்டையையோ கணக்கில்லாமல் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

நான் சொன்ன அந்தச் சட்டம் பிள்ளைகளையும் பார்த்துப் பேசுகிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம். இல்லத்தில் விட்டதோடு நமது கடமை தீர்ந்துவிடாது என்பதை மறக்க வேண்டாம்.

பிள்ளைகள் அடிக்கடி வந்து போகும் பெரியவரை எந்த இல்லத்திலும் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பார்கள். இது நான் வேலை செய்து கண்ட உண்மை. தூரத்தில் இருப்பவர்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி முறைவைத்துப் போங்கள். அதுவும் முடியாவிட்டால் அதே தோட்டத்திலிருந்து போகும் இன்னொருவரிடம், "எங்க அம்மாவையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி விடுங்கள். போகும்போது ஒரு கொட்டு வெற்றிலை, ஒரு வாய் கதை கொண்டு போங்கள். போர்வையை விலக்கிப் பார்க்கவும் மறவாதீர்கள்.