பெருந்தொழில்களில் எரிசக்திச் சிக்கனம்: சட்டமும் நடைமுறையும்

(கொழிஞ்சாம்பாறையில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிணற்றையும் மின்மோட்டாரையும் அறியாதவர் இவ்வூரில் எவரும் இலர். சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதி மழை குறைந்த பகுதி. பரம்பிக்குளம்–ஆளியாறு நீர் வந்தால் வாய்க்கால் நிறையும். வாராவிடில் கிணறே துணை. ஆகவே உங்களிடம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஓர் ஏக்கருக்கு ஒரு முறை நீர் பாய்ச்ச உங்கள் மோட்டார் எத்தனை யூனிட் மின்சாரம் கொள்கிறது? மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டால் பலரும் உடனே சொல்லிவிடுவர். இந்தக் கேள்விக்கோ விடை கூறுவோர் மிகச் சிலரே. இதே கேள்வியை ஆலைகளிடம் கேட்பதுதான் நமது எரிசக்திச் சட்டத்தின் சாரம். ஒரு டன் சிமெண்டுக்கு எவ்வளவு? ஒரு டன் இரும்புக்கு எவ்வளவு? இக்கணக்கு எழுதப்படுகிறதா, எழுதியபின் அதன்படி ஏதேனும் செய்யப்படுகிறதா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

சட்டம் வந்த வழி

1973-ஆம் ஆண்டு எண்ணெய் விலை ஏறியபோதுதான் எரிசக்தி என்பது அளந்து செலவிட வேண்டிய பொருள் என்பதை உலக நாடுகள் உணர்ந்தன. எண்ணெய்க்குப் பிற நாடுகளையே நம்பியிருந்த ஜப்பான் 1979-இல் சட்டம் இயற்றி, பெரிய ஆலைகளில் எரிசக்தி மேலாளர் பதவியைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டில் பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிக் கழகம் 1978-இல் அமைந்தது. 1981-இல் அமைச்சகங்களுக்கு இடையேயான பணிக்குழு ஒன்று எரிசக்திச் சேமிப்பை ஆராயத் தொடங்கியது. ஆயினும் அறிவுரையாக இருந்தது சட்டமாக மாற மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் நிறைவேறியது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2002 மார்ச் 1-ஆம் நாள் தோன்றியது. கேரளத்தில் 1996-இல் நிறுவப்பட்ட எரிசக்தி மேலாண்மை மையமே இச்சட்டத்தைச் செயற்படுத்தும் மாநில முகமையாகும்.

சட்டம் விதிக்கும் கடமைகள்

எரிசக்தியை மிகுதியாகக் கொள்ளும் தொழில்களைச் சட்டம் பட்டியலிடுகிறது. அவற்றுள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவிடுவோர் ‘குறிப்பிடப்பட்ட நுகர்வோர்’ எனப்படுவர். ஓர் ஆலை நிலக்கரி எரிக்கும். மற்றொன்று மின்சாரம் கொள்ளும். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க ‘எண்ணெய்ச் சமன் டன்’ என்னும் அளவை பயன்படுகிறது. ஒரு கோடி கிலோ கலோரி வெப்பம் அதன் மதிப்பு. மின்சாரத்தில் சொன்னால் ஏறக்குறைய 11,630 யூனிட். 2012-இல் திட்டத்தின் முதல் சுற்று தொடங்கியபோது, சிமெண்டு, இரும்பு எஃகு ஆகிய துறைகளில் ஆண்டுக்கு 30,000 டன்னும், நெசவுத் துறையில் 3,000 டன்னும் வரம்பாக இருந்தன.

வரம்புக்குள் வரும் ஆலை, தகுதி பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கு அனுப்ப வேண்டும். அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரைக் கொண்டு தணிக்கை செய்விக்க வேண்டும். விதித்த இலக்கை எட்ட வேண்டும். தவறினால் தண்டம் உண்டு. தொடக்கத்தில் 10,000 ரூபாயாக இருந்த தண்ட வரம்பு 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 10 லட்சமாக உயர்ந்தது.

இலக்கை விதிப்பது எங்ஙனம் என்பது நுட்பமான கேள்வி. நூறடியில் நீர் உள்ள கிணற்றையும் அறுநூறடிக்குக் கீழே போய்விட்ட கிணற்றையும் ஒரே அளவுகோலால் அளந்தால் அது நீதியாகுமா? ஆலைகளும் அவ்வாறே. ஒன்று பழையது, மற்றொன்று புதியது. மூலப்பொருளின் தரமும் வேறு வேறு. ஆகவே ‘பாட்’ என்று சுருக்கமாக வழங்கும் இத்திட்டத்தில் ஒவ்வோர் ஆலைக்கும் அதன் சொந்தக் கடந்த காலமே அளவுகோல். முன்னரே சிக்கனமாக உள்ள ஆலை சிறிதளவு குறைத்தால் போதும். விரயம் மிகுந்த ஆலை கூடுதலாகக் குறைக்க வேண்டும். இலக்கைத் தாண்டிச் சேமித்தவருக்குச் சேமித்த டன் ஒன்றுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். தவறியவர் அதை விலைக்கு வாங்கி ஈடு செய்யலாம்.

முதல் சுற்றின் பாடங்கள்

2012 முதல் 2015 வரையிலான முதல் சுற்றில் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகள் இடம் பெற்றன. இலக்கு 66.86 லட்சம் டன் எண்ணெய்ச் சமன், சேமிக்கப்பட்டதோ 86.7 லட்சம் டன். கரியமில வாயு வெளியேற்றம் சுமார் 3 கோடியே 10 லட்சம் டன் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. இது பாராட்டத்தக்கது என்பதில் ஐயமில்லை.

ஆனால் பொருளாதாரம் பயில்வோர் மறுபக்கத்தையும் காண வேண்டும். சராசரி இலக்கு ஏறத்தாழ 4 சதவிகிதமே. எளிதில் எட்டக்கூடிய இலக்காகையால், சான்றிதழ்களை விற்க வந்தவர் பலர். வாங்க வேண்டியவர் சிலர். சுற்று முடிந்தது 2015 மார்ச்சில். வணிகம் தொடங்கியதோ 2017 செப்டம்பரில். சரக்கு மிகுந்து தேவை குறைந்த சந்தையில் விலை சரிவது இயல்பே; அவ்வாறே சரிந்தது. சேமித்தவனுக்கு உரிய பரிசு கிட்டாவிடில் அடுத்த முதலீட்டுக்கு அவன் தயங்குவான். இலக்கு மிதமாக இருப்பதும் கணக்குத் தீர்ப்பதில் காலதாமதமும் ஒரு நல்ல விதியின் வலிமையைக் குறைத்துவிடும் என்பது முதற் பாடம்.

மற்றொன்றும் உண்டு. இலக்கு ஒரு டன் உற்பத்திக்கான செலவைக் குறித்தது. மொத்தச் செலவைக் குறித்ததன்று. உற்பத்தி பெருகினால் மொத்தச் செலவு உயரவும் கூடும். வளரும் நாட்டில் இதனைக் குறையென்று கூறுவதற்கில்லை. எனினும் மறைத்தலும் கூடாது.

2022-இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. 2023 ஜூன் மாதம் கரிமச் சான்று வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு எரிசக்தி என்ற கேள்வியின் இடத்தில், எவ்வளவு கரிம வாயு என்ற கேள்வி படிப்படியாக வருகிறது. கேள்வி மாறினும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை.

கஞ்சிக்கோட்டின் நிலை

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். வாளையாற்றில் 1984-இல் உற்பத்தி தொடங்கிய மலபார் சிமெண்ட்ஸ், சட்டம் பட்டியலிடும் தொழிலைச் சேர்ந்தது. ஆனால் கஞ்சிக்கோட்டில் நாம் காணும் பல உருக்காலைகளின் நிலை வேறு. பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பி தயாரிக்கும் ஆலைகள் இவை. 1990-களில் புதிய தொழில்களுக்கு ஐந்தாண்டு காலம் பழைய மின்கட்டணமே போதும் என்று மாநில அரசு சலுகை அளித்தது. மலிவான மின்சாரத்தை நம்பி இத்தகைய ஆலைகள் இங்கு எழுந்தன. சலுகை காலம் முடிந்ததும் கட்டணச் சுமை முழுமையாக அவற்றின் தோள்மேல் விழுந்தது. மலிவு விலை விரயத்தை மறைத்து வைக்கும். விலை ஏறும்போதே அது வெளிப்படும்.

எடுத்துக்காட்டாக ஓர் ஆலையைக் கற்பனை செய்வோம். மாதம் 3,000 டன் உருக்குகிறது; டன்னுக்கு 600 யூனிட் செலவு. ஆண்டுக்கு 2 கோடியே 16 லட்சம் யூனிட் ஆகிறது. எண்ணெய்ச் சமனில் சொன்னால் 1,860 டன்னுக்கும் குறைவு. 2012-இல் இருந்த 30,000 டன் வரம்பில் இது பதினாறில் ஒரு பங்கு கூட இல்லை! நம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் நுகர்வோர், மத்தியச் சட்டத்தின் கண்ணுக்குச் சிறியவராகிவிடுகிறார்.

இந்த இடைவெளியை நிரப்பவே கேரள அரசு 2011-இல் உயர் அழுத்த மின்நுகர்வோர் எரிசக்தித் தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. ஆணை நல்லதே. ஆனால் தணிக்கை என்பது நோயைக் கண்டறிவது மட்டுமே. மருந்து உண்ண வேண்டியவர் ஆலையார். பணியின் பொருட்டு நான் பார்த்த தணிக்கை அறிக்கைகளில், மூன்றாண்டுக்கு முன் கூறிய அதே குறைகளை மீண்டும் கூறுபவை உண்டு. அறிக்கை அலமாரியில் இருக்கும்; விரயம் உலையில் இருக்கும்.

அந்த விரயம் எங்கே நிகழ்கிறது? இரும்பை உருக்கி வார்க்கும் வெப்பத்திற்குக் கொண்டுவர, இழப்பே இல்லாவிடில், டன்னுக்கு ஏறக்குறைய 400 யூனிட் போதும். எஞ்சியது இழப்பு. உலையின் வாய் திறந்திருந்தால் வெப்பம் கதிர்வீசிப் போகிறது. ஒரு மூடி அதைத் தடுக்கும். துருவும் மண்ணும் கலந்த பழைய இரும்பை இட்டால் கசடை உருக்கவும் மின்சாரம் செலவாகிறது. உருகிய இரும்பை வார்ப்புக்குக் காத்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வீண். வார்த்ததைக் குளிரவிட்டுப் பின் மறுபடி சூடேற்றிக் கம்பியாக்குவது இரட்டைச் செலவு. சூட்டோடு உருட்டாலைக்கு அனுப்பினால் அச்செலவு மிஞ்சும். இவற்றுள் பல பெருமுதல் வேண்டாதவை, ஒழுங்கு வேண்டுபவை. மேற்கூறிய ஆலை 600 யூனிட்டை 570 ஆகக் குறைத்தால் மாதம் 90,000 யூனிட் மிஞ்சும். யூனிட் 6 ரூபாய் என்று கொண்டால் 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். கட்டணம் ஏறும் காலத்தில் உலை எரிவதற்கும் அணைவதற்கும் இடையே நிற்பது இத்தொகையாக இருக்கக்கூடும். உலை அணைந்தால் இழப்பு முதலாளிக்கு மட்டுமன்று. அங்கே வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கும்தான்.

செய்ய வேண்டுவன

அலுவலர்களுக்கு என் கருத்து மூன்று. முதலாவது, தணிக்கை முடிந்த ஓராண்டில், பரிந்துரைத்தவை எவை, செய்தவை எவை, செய்யாதவற்றுக்குக் காரணம் என்ன என்று இரண்டு பக்க அறிக்கை பெறுதல் வேண்டும். இரண்டாவது, ஒரே வகை ஆலைகளின் டன் வாரியான செலவை, பெயர் குறிக்காமல், ஒரே பட்டியலில் வைத்து அனைவருக்கும் காட்டுதல் வேண்டும். அண்டை வயலின் விளைச்சலைக் கண்ட உழவர் தம் வயலைத் திருத்துவது போல, அண்டை ஆலையின் கணக்கு மற்றவரை அசைக்கும். மூன்றாவது, தனித்தனியே எரிசக்தி மேலாளரை அமர்த்த இயலாத ஆலைகள் நான்கைந்து சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ள வழி செய்தல் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். எரிசக்தி மேலாளர், தணிக்கையாளர் ஆகியோருக்கான தேசியத் தேர்வை எரிசக்தித் திறன் செயலகம் நடத்துகிறது. பொறியியல் கற்று இத்தேர்வில் தேறுவோருக்குப் பணி வெகுதூரத்தில் இல்லை; கஞ்சிக்கோட்டிலும் கோயம்புத்தூரிலும் உண்டு. தமிழும் மலையாளமும் அறிந்த நீங்கள், உலையடியில் நிற்கும் தொழிலாளியிடம் அவர் மொழியிலேயே பேச வல்லவர்கள். மூடியைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில்தான் இருக்கிறது.

சட்டம் கேள்வியைக் கேட்டுவிட்டது. விடையை எழுத வேண்டியது ஆலை. அதனைச் சரிபார்க்க வேண்டியவர்கள் நாம். இன்று வீடு திரும்பியதும் உங்கள் மோட்டாரின் மீட்டரை நீர் பாய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் பார்த்து எழுதி வையுங்கள். அளக்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.