வென்றது பெடலா, கால்களா?



1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இதுதான் ஒலிம்பிக் தூர டிரையத்லான். நம் பிள்ளைகள் ஆசையோடு வருகிறார்கள். கால் பூட்டும் பெடலும் அதற்கான சப்பாத்தும் என்ன விலை என்று கேட்டதும் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

தம்பி, தங்கைகளே! முதல் போட்டிக்குச் சாதாரண பெடலும் ஓட்டச் சப்பாத்துமே போதும். சைக்கிளை விட்டு இறங்கியதும் சப்பாத்து மாற்றாமலே ஓடலாம்.

பிறகு வாங்குகிறீர்களா? மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மிதிக்க மிதிக்கப் பாதம் வீங்கும். கயிறு வேண்டாம், ஈரக் கையாலும் இழுத்து ஒட்டக்கூடிய அகலப் பட்டை நல்லது. தண்ணீர் வடிய ஓட்டை இருக்கட்டும். பூட்டிய பிறகும் குதிகால் சற்று அசைய வேண்டும். இல்லையென்றால் முழங்கால் நோகலாம்.

பெற்றோரே, இதைக் கேளுங்கள். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் பூட்டு கழலும். புல்தரையில் அதை நன்றாகப் பழகாமல் பிள்ளையைப் பத்து ஃபெரிங்கி சாலைக்கு அனுப்பாதீர்கள். சிவப்பு விளக்கில் கால் கழலாவிட்டால், சைக்கிளோடு லாரிக்கு முன்னால் சாய வேண்டியதுதான்.

1985-இல் பெர்னார்ட் இனோ பூட்டுப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அது அவருக்கு ஐந்தாவது வெற்றி. முதல் நான்கும் வார் கட்டிய பழைய பெடலில் வந்தவை! இப்போது நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.