மொழி வேறு, முத்திரை ஒன்று



ஒரு வங்கியின் மென்பொருள் ஜாவாவில் இயங்குகிறது. அதனோடு உறவாட வேண்டிய வணிக நிலையத்தின் மென்பொருளோ டாட் நெட்டில் எழுதப்பெற்றது. இவ்விரண்டும் உலகை ஒரே விதமாக எண்ணுவதில்லை. காலத்தையே எடுத்துக்கொள்வோம். ஜாவா 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மில்லி நொடிகளாக எண்ணும். டாட் நெட்டோ கி.பி. 1-லிருந்து, நொடியைக் கோடிக் கூறாக்கி எண்ணும். ஆகவே இருவருக்கும் பொதுவான எழுத்து வடிவம் ஒன்று தேவையாயிற்று. 1998-இல் எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழி தரமாக அமைந்தது. அதன்மேல் எழுந்தது சோப் என்னும் செய்தி முறை. அதனைக் கடிதம் என்றே கூறலாம். அதற்கு உறை உண்டு, தலைப்பு உண்டு, உடல் உண்டு.

கடிதம் செல்லும் வழியைக் காத்தால் போதாதா என்று கேட்பீர்கள். டிஎல்எஸ் என்னும் முறை அதைத்தான் செய்கிறது. இருவர் நேரே பேசும்போது அது போதும். இடையில் ஒரு கணிப்பொறி கடிதத்தைப் பிரித்து மீண்டும் அனுப்புமாயின், அவ்விடத்தில் அந்தக் காவல் அற்றுவிடுகிறது. எனவே கடிதத்தின் மீதே முத்திரையிடும் நெறிகளை வகுத்தனர். டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி என்னும் அந்நெறியை ஓயாசிஸ் என்னும் அமைப்பு 2004-இல் தரமாக ஏற்றது.

மின் கையொப்பத்துக்கு ஒரு குணம் உண்டு. அது பொருளைப் பாராது, எழுத்தையே பார்க்கும். ஒருவர் 'பொன் குடம்' என்று எழுதியதை, மற்றவர் 'பொற்குடம்' என்று படியெடுக்கிறார். நமக்குப் பொருள் ஒன்றே. பொறிக்கோ அது திருத்தப்பட்ட ஓலை! எக்ஸ்எம்எல்லிலும் பண்புகளின் வரிசை மாறலாம். ஒற்றை மேற்கோள் இரட்டையாகலாம். பொருள் கெடாது, ஆனால் கையொப்பம் பொய்த்துவிடும். அதனால் ஒப்பமிடுவோரும் சரிபார்ப்போரும் முதலில் கடிதத்தை ஒரே நெறிவடிவுக்குக் கொணர்கின்றனர். அவ்வடிவில் பண்புகள் அகரவரிசையில் நிற்கும். மேற்கோள்கள் யாவும் இரட்டையாகும். உறுப்புகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை மட்டும் அது தொடாது. அழகுக்காக வரி பிரிக்கும் இடைப்பொறி ஒன்று போதும், ஒப்பம் முறிந்துவிடும்.

இது தொல்லை, அடுத்து வருவது ஆபத்து. 2005-இல் மெக்கின்டாஷ், ஆஸ்டெல் என்னும் ஆய்வாளர் இருவர் ஒரு சூழ்ச்சியை எடுத்துக்காட்டினர். ஒப்பம் தான் காக்கும் பகுதியை ஓர் அடையாளப் பெயரால் சுட்டுகிறது. கள்வன் அப்பகுதியைச் சிதைக்காமல் எடுத்துத் தலைப்பின் மூலையில் ஒளித்துவைக்கிறான். உடல் இருந்த இடத்தில் தன் கட்டளையை வைக்கிறான். சரிபார்ப்போன் பெயரைத் தேடி மூலைக்குச் சென்று, 'ஒப்பம் சரி' என்கிறான். கட்டளையை நிறைவேற்றுவோனோ உடலைப் படிக்கிறான். நூறு ரூபாய்க்குப் பெற்ற ஒப்பம் இலட்சத்துக்குச் செல்லுபடியாகிறது. ஒருவர் சரிபார்க்க, வேறொருவர் படிக்கும் இந்தப் பிளவைத்தான் நான் பெரிதும் அஞ்சுகிறேன். 2011-இல் ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்தார், அமேசானின் மேகக் கணிமைச் சேவையிலும் இக்கதவு திறந்திருந்ததைக் காட்டினர். பின்னர் அது அடைக்கப்பட்டது.

பரிகாரம் கடினமன்று. சரிபார்ப்போன் எப்பகுதியைச் சரிபார்த்தானோ, அப்பகுதியையே நிறைவேற்றுவோனின் கையில் கொடுக்க வேண்டும். முழுக் கடிதத்தையும் மீண்டும் புரட்ட விடலாகாது.

இன்று எழுதப்படும் புதிய இணைப்புகளில் ஜேசன் என்னும் எளிய வடிவமே மிகுதி. 2015-இல் தரமான ஜேடபிள்யூடி என்னும் அடையாளச் சீட்டில், அனுப்பிய எழுத்துகளின் மீதே ஒப்பம் விழுகிறது. நெறிவடிவுக்குக் கொணரும் வேலையே இல்லை. ஆயினும் பழைய சோப் கடிதங்கள் பல நிறுவனங்களில் இன்னும் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன.