எதிர்த்துப் பேசிய அக்காவுக்கு நன்றி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரு முன்னாள் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க குழு செய்த சாதனையைப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் செய்த ஒரு தப்பைப் பேசலாம்னு வந்திருக்கேன். சாதனையைவிட அது உங்களுக்கு அதிகமா உதவும்னு நினைக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுவுக்கு வங்கிக் கடன் 4 லட்சம் வந்தது. நாங்க 16 பேர். ஆளுக்கு 25,000 ரூபாய்னு சமமாப் பிரிச்சுக்கலாம்னு நான் சொன்னேன். சமமாக் கொடுத்தா சண்டை வராது என்பது என் கணக்கு. எல்லாரும் தலையை ஆட்டினாங்க. ஒரே ஒரு அக்கா மட்டும், "இது சரியா வராது. மாடு வாங்கறவளுக்கு 25,000 பத்தாது. தேவையே இல்லாதவ கையில கொடுத்தா அது செலவாத்தான் போகும். யாருக்கு எதுக்கு வேணும்னு முதல்ல கேளுங்க"ன்னாங்க.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நல்ல காரியம் நடக்கும்போது குறுக்கே பேசாதீங்கக்கா. உங்களுக்கு வேணாம்னா விடுங்க"ன்னு சொல்லிட்டேன். நாலு பேர் சிரிச்சாங்க. அந்த அக்கா அப்புறம் வாயைத் திறக்கல. தீர்மானப் புத்தகத்தில் 16 கையெழுத்தும் விழுந்தது. 'ஏகமனதாக' என்று நானே எழுதினேன்.

எட்டாவது மாசத்தில் ஐந்து பேர் தவணை கட்டவில்லை. ஒருத்தர் பணத்தைச் சொந்தக்காரருக்குக் கைமாத்தாகக் கொடுத்து, அது திரும்பவில்லை. ஒருத்தர் மகனுக்கு போன் வாங்கிக் கொடுத்திருந்தார். மாடு வாங்க நினைத்தவரோ பத்தாத பணத்தோடு வெளியே வட்டிக்கு வாங்கி, இரண்டு கடனுக்கு நடுவே மாட்டிக்கிட்டார். குழுக் கடன் என்றால் ஒருத்தர் கட்டாட்டியும் எல்லாரும்தானே பொறுப்பு? சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். அதுவும் தீர்ந்தது. அடுத்த கடன் கேட்டுப் போனபோது, பழைய பாக்கியை முடிச்சுட்டு வாங்கன்னு வங்கியில் திருப்பி அனுப்பிட்டாங்க.

அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். 'அன்னைக்கே சொன்னேனே'ன்னு திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டே போனேன். திட்டல. "நான் சொன்னது தப்பாக்கூட இருந்திருக்கலாம் தாயி. ஏன் அப்படிச் சொல்றேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தை இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டேன். அப்போதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஆறு பேர், "எங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு. அந்த அக்காவுக்கே அந்தக் கதின்னா நாங்க எப்படிப் பேசறது?"ன்னாங்க. நான் அடைத்தது ஒரு வாய் என்று நினைத்தேன். அடைபட்டது ஏழு வாய்.

நமக்கெல்லாம் ஐந்து சூத்திரம் மனப்பாடம்: முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், சரியான திருப்பிச் செலுத்தல், சரியான பதிவேடு. முதலாவதே கூட்டம்தான். ஆனால் பாய் விரித்து உட்கார்ந்து, சந்தா கொடுத்து, கையெழுத்துப் போட்டு எழுந்து போனால் அது கூட்டமா? மனசில் இருப்பதைச் சொல்ல முடிந்தால்தானே கூட்டம்.

அதற்குப் பிறகு எங்க குழுவில் சில பழக்கங்களைக் கொண்டு வந்தோம்.

முதலாவது, ஊக்குநர் கடைசியில்தான் பேசணும். நான் முதலில் சொல்லிட்டா மற்றவங்க அதையே சொல்லிட்டுப் போயிடுவாங்க. வயசில் சின்னவங்களிலிருந்து வரிசையாகக் கேட்கிறோம். கூட்டமைப்புக் கூட்டத்திலும் இது முக்கியம். மாமியார் ஒரு குழுவின் பிரதிநிதி, மருமகள் இன்னொரு குழுவின் பிரதிநிதி என்று இருந்தால், மாமியார் பேசிய பிறகு மருமகள் மாற்றிச் சொல்லுவாளா?

இரண்டாவது, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்பதை விட்டுவிட்டோம். அதற்கு ஒரே பதில்தான் வரும். "இதுல என்ன சிக்கல் வரும்?" என்று கேட்கிறோம்.

மூன்றாவது, மறுப்புச் சொன்னவர் பெயரையும் காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். ஆறு மாசம் கழித்து எடுத்துப் பார்த்தால் யார் சொன்னது நடந்தது என்று தெரியும்.

மறுத்துப் பேசுகிறவருக்கும் பொறுப்பு உண்டு. விஷயத்தைப் பேசணும், ஆளைப் பேசக்கூடாது. 'வேணாம்' என்பதோடு நிறுத்தாமல் 'வேற என்ன செய்யலாம்' என்றும் சொல்லணும். கூட்டத்தில் சொல்லணும், கூட்டத்தில் மௌனமாக இருந்துவிட்டு குழாயடியில் பேசினால் அது புறணி. முடிவு எடுத்த பிறகு எல்லாரும் சேர்ந்து வேலை செய்யணும். ஆனால் கணக்கில் பணம் உதைக்குது என்றால் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. தெளிவாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருங்க.

மறுக்கிறவங்க சொல்வது எப்பவும் சரியாகவே இருக்காது. ஒருமுறை கண்காட்சியில் ஊறுகாய்க் கடை போடத் திட்டமிட்டோம். "வண்டிச் செலவுக்கே பத்தாது, வேணாம்"னு ஒருத்தர் சொன்னாங்க. போட்டோம், லாபம் வந்தது. ஆனால் அவங்க கேட்ட கேள்வியால்தான் ஆறு பேர் போகவேண்டிய இடத்துக்கு இரண்டு பேர் போனோம். லாபம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். யாரும் அவங்களைக் கேலி செய்யல.

நேரம் ஆகுதுதான். ஒரு மணி நேரத்தில் முடிஞ்ச கூட்டம் இப்போ ஒன்றரை மணி நேரம் ஆகுது. அடுப்பு வேலை காத்துக்கிட்டிருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் பழைய பாக்கியைக் கட்டி முடிக்க எங்களுக்கு இரண்டு வருஷம் ஆச்சு. அதற்கு முன்னால் அரை மணி நேரம் எம்மாத்திரம்?

அடுத்த கடன் வந்தபோது, யாருக்கு எதுக்கு வேணும்னு கேட்டுத்தான் பிரிச்சோம். கேட்டது யார் தெரியுமா? அந்த அக்காதான். இப்போ எங்க குழுவின் ஊக்குநர் அவங்க. நான் சாதாரண உறுப்பினர். போன வாரம் அவங்க சொன்ன ஒரு யோசனையை நான் மறுத்தேன். "ஏன் அப்படிச் சொல்றே?"ன்னு கேட்டாங்க.