கழுமரமும் கவிஞர் மௌனமும்



மதுரையில் சமணர் 8,000 பேர் கழுவேறிய கதையைச் சம்பந்தர் தம் பதிகங்களில் பாடவில்லை. 7ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அதற்குச் சமகாலக் கல்வெட்டுச் சான்றும் கிடைத்திலது. பிற்காலத்தே நம்பியாண்டார் நம்பி குறித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்தார். பின்னர் ஆவுடையார்கோயில் ஓவியன் வண்ணத்தில் தீட்டினான்.

ஓவியம் கழுமரத்தையும் உடலையும் காட்டும். அருகிருந்தும் தடுக்காதவர் நெஞ்சைக் காட்டாது. சேக்கிழார் அங்கேதான் தயங்கி நிற்கிறார். சம்பந்தருக்குப் பகையில்லை, எனினும் அடியார் மடத்திற்குத் தீங்கு செய்தமையால் வேந்தன் செயலை விலக்காதிருந்தார் என்கிறார். வெற்றியைப் பாடும் புலவருக்கும் அம்மௌனத்திற்குக் காரணம் கூற வேண்டியிருந்தது! அவ்விடமே காப்பியத்தின் மனச்சான்று.

கண்ணப்பர் தம் கண்ணைத் தாமே இடந்தார். நம் காரைக்கால் அம்மையார் தசைப்பொதியை உதறிப் பேயுரு வேண்டினார். தாமே ஏற்ற துன்பத்தையும் பிறர்மேல் ஏற்றிய துன்பத்தையும் பக்தி என்னும் ஒரே கணக்கில் எழுதுதல் தகாது.

கழுவேறியோர் எண்ணிக்கை நம்மிடம் வந்து சேர்ந்தது, பெயர்கள் வரவில்லை. நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் கவிஞர்களை நான் வேண்டுவது இதுவே: எண்ணாய் எஞ்சியோரை மனிதராய்ப் பாடுங்கள்.