திரை நேரம் என்னும் ஒற்றைச் சொல்
(பத்தாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சொற்களைத் தேர்ந்து கையாளுவதே இவ்வட்டத்தாரின் பத்தாண்டுப் பணி. ஒரு சொல் பிழைத்தால் ஒரு பாடல் முழுவதும் பிழைபட்டுப் போகும் என்பதை இவ்வவை நன்கறியும். ஒரு சொல்லின் குறையால் ஓர் ஆய்வுத்துறை பல ஆண்டுகள் தடுமாறிய வரலாறும் உண்டு. டிஜிட்டல் தொழில்நுட்பத்துக்கும் இளையோரின் உளநலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது அத்துறை. 'திரை நேரம்' என்பது அச்சொல்.

ஒரு பிள்ளை ஒரு நாளில் கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி முதலியவற்றின் முன் கழிக்கும் மணிக்கணக்கையே திரை நேரம் என்கின்றனர். அயலூரிலிருக்கும் பாட்டியோடு முகம் பார்த்துப் பேசிய அரைமணியும், நள்ளிரவில் முகமறியாத ஒருவரின் ஏச்சைப் படித்துக் கலங்கிய அரைமணியும் இக்கணக்கில் ஒன்றே. உணவு உடலுக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்று ஆராயப் புகுந்தவர், உண்ட நேரத்தை மட்டும் அளந்துவிட்டு, உண்டது யாதென்று கேளாமல் விட்டதற்கு ஒப்பானது இது.

ஆயினும் அச்சத்துக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜீன் ட்வெங்கி, திறன்பேசிகள் ஒரு தலைமுறையை அழித்துவிட்டனவா என்னும் கேள்வியையே தலைப்பாக்கி, 2017ஆம் ஆண்டு 'தி அட்லாண்டிக்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அமெரிக்க இளையோரிடையே மனச்சோர்வும் தனிமையுணர்வும் மிகுந்து வந்தன. திறன்பேசி பெரும்பாலோர் கைக்கு வந்ததும் அக்காலத்திலேதான். இவ்விரண்டையும் அவர் இணைத்துக் காட்டினார். பெற்றோர் பலர் தம் வீட்டில் கண்டதையே அக்கட்டுரையிலும் கண்டனர்.

புதிய ஊடகம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்னும் அச்சம் புதியதன்று. 1941ஆம் ஆண்டிலேயே மேரி பிரெஸ்டன் என்னும் மருத்துவர், வானொலியின் குற்ற நாடகங்களும் திரைப்படத்தின் திகில் காட்சிகளும் சிறுவர்களை அடிமைப்படுத்துவதாக ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அன்றைய வானொலி இன்று எவரையும் அஞ்சுவிப்பதில்லை. ஆனால், முன்னோர் ஒன்றைக் கண்டு வீணாக அஞ்சினர் என்பது, பின்னோர் அஞ்சுவதும் வீண் என்பதற்குச் சான்றாகிவிடாது. ஒவ்வொன்றையும் தனித்தே ஆராய வேண்டும்.

அவ்வாறு ஆராய்ந்தோருள் குறிப்பிடத்தக்கவர்கள் ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் ஆவர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இவ்விருவரும், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திரட்டப்பட்ட மூன்று பெருந்தரவுகளை எடுத்துக்கொண்டனர். அவற்றில் இடம்பெற்ற இளையோர் 3,55,358 பேர். ஒரே தரவை ஆய்வாளர் தத்தம் விருப்பப்படி பலவாறு கணக்கிட இயலும். விரும்பிய விடை வரும் வழியைத் தேர்ந்துகொள்வதும் எளிது. அக்குறை நேராவண்ணம் அவர்கள் பல்லாயிரம் வழிகளிற் கணக்கிட்டு, எல்லா விடைகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தனர். 2019 சனவரியில் முடிவு வெளிவந்தது. இளையோரின் நலத்தில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில், தொழில்நுட்பப் பயன்பாட்டோடு தொடர்புடைய பங்கு 0.4 விழுக்காட்டுக்கு மேற்படவில்லை. உருளைக்கிழங்கை அடிக்கடி உண்பதற்கும் நலக்குறைவுக்கும் ஏறத்தாழ அதே அளவு தொடர்பு அத்தரவுகளிற் காணப்பட்டது. மூக்குக்கண்ணாடி அணிவதற்கோ அதனினும் மிகுதியான தொடர்பு இருந்தது. பிறரால் துன்புறுத்தப்படுதல், உறக்கம், காலை உணவு ஆகியவற்றின் தொடர்பு இவற்றைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்தது.

உருளைக்கிழங்கு உவமை உலகெங்கும் பரவியது. அஞ்சுவதற்கு ஏதுமில்லை என்று பலர் பொருள் கொண்டனர். ட்வெங்கியும் ஜொனாதன் ஹைட்டும் வேறு இருவரும் 2020இல் மறுப்பு எழுதினர். ஆண்களையும் பெண்களையும், தொலைக்காட்சியையும் சமூக ஊடகத்தையும் ஒன்றாகக் கலந்தால் தீங்கு சிறுத்துத்தான் தோன்றும் என்பது அவர்கள் வாதம். பூசல் முடிவைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதன் வேர் அந்த ஒற்றைச் சொல்லிலேயே இருந்தது.

அளவையிலும் குறை இருந்தது. பெரும்பாலான ஆய்வுகளில், எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று பிள்ளைகளையே கேட்டு எழுதிக்கொண்டனர். அவ்வாறு நினைவிலிருந்து சொல்லும் கணக்கையும் கருவியே பதிந்துவைக்கும் கணக்கையும் ஒப்பிட்ட ஆய்வுகள் 2021இல் தொகுத்து நோக்கப்பட்டன. இரண்டும் பொருந்துவது அரிதென்றே அத்தொகுப்பு காட்டியது.

இவ்விடத்தில், நெதர்லாந்து நாட்டில் நடந்த ஓர் ஆய்வு கவிஞர்களின் கருத்துக்குரியது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் இனே பேயென்ஸ், பட்டி வால்கன்பர்க் முதலியோர் 14, 15 வயதுடைய 63 பேரை மட்டுமே எடுத்துக்கொண்டனர். ஆனால், ஒவ்வொருவரையும் ஒரு வாரம் நாளொன்றுக்கு ஆறு முறை கேட்டனர்: இப்பொழுது மனம் எப்படி இருக்கிறது? சற்றுமுன் சமூக ஊடகத்தில் என்ன செய்தாய்? 2020இல் வெளிவந்த விடை வருமாறு: பிறர் இட்டவற்றைப் பார்த்துக்கொண்டே சென்றபின், 46 விழுக்காட்டினர்க்கு மனம் சற்றுத் தெளிந்தது, 44 விழுக்காட்டினர்க்கு மாற்றமில்லை, 10 விழுக்காட்டினர்க்கு மனம் வாடியது. சிறிய ஆய்வுதான், உலகுக்கெல்லாம் இதே விகிதம் எனல் பொருந்தாது. எனினும், சராசரி என்னும் ஒற்றை எண் யாரை மறைக்கிறது என்பதை அது காட்டிவிட்டது. முப்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் அந்த விகிதமே அமையுமானால், வாடுவோர் மூவர். வகுப்பின் சராசரி அம்மூவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வயதும் வேறுபாடு செய்கிறது. ஆர்பெனும் உடனாய்வாளரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனின் சிறுமியர்க்கு 11 முதல் 13 வயது வரையிலும், சிறுவர்க்கு 14, 15 வயதிலும், இருபாலார்க்கும் 19ஆம் வயதிலும், சமூக ஊடகப் பயன்பாடு மிகுந்தால் ஓராண்டுக்குப் பின் வாழ்க்கை மனநிறைவு குறைந்திருக்கக் காணப்பட்டது. மனநிறைவு குறைந்தவர்கள் பின்னர் சமூக ஊடகத்தை மிகுதியாக நாடுவதும் புலப்பட்டது. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதன் அருமை இதனால் விளங்கும்.

எண்களின் இந்த வழக்குக்கு நடுவே ஒரு வீடும் இருக்கிறது. 2017இல் இலண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மனச்சோர்வுற்றிருந்த அவளுக்கு, துயரையும் தற்காயத்தையும் பற்றிய பதிவுகளை ஊடகத்தளங்கள் தாமாகவே மேன்மேலும் கொணர்ந்து காட்டியிருந்தன. 2022 செப்டம்பரில், மரண விசாரணை அதிகாரி, அப்பதிவுகள் அவள் சாவுக்குப் புறக்கணிக்கத்தக்கதல்லாத அளவில் துணைநின்றன என்று முடிவு கூறினார். அவள் கண்டது என்ன என்பதை அறியவே அக்குடும்பம் ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. அப்பதிவேடு நிறுவனங்களின் கையில் இருந்தது. ஆய்வாளர்க்கு உள்ள முதற்பெருந்தடையும் இதுவே. யார் எதைக் கண்டார் என்பதை நிறுவனங்கள் அறியும், ஆராய்வோர் அறியார்.

0.4 விழுக்காடு என்னும் எண்ணும் உண்மை. இச்சிறுமியின் கதையும் உண்மை. முன்னது பலரைப் பற்றிய உண்மை. பின்னது ஒருத்தியைப் பற்றிய உண்மை. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பவர் இரக்கமற்றவர். பின்னதைக் காட்டி எல்லாப் பிள்ளைகளும் அழிந்தனர் என்பவரோ, மெய்யாகவே துன்புறுவோரைக் கூட்டத்தில் தொலைத்துவிடுகிறார்.

சட்டம் ஆய்வுக்காகக் காத்திருப்பதில்லை. பதினாறு வயதுக்குட்பட்டோர் முதன்மையான சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் இயற்றியது; 2025 டிசம்பர் 10ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய பிள்ளைகளின் இளமை நாளைக்குத் திரும்பாது என்பது அதனை வேண்டியோர் வாதம். தடையால் நட்பும் துணையும் இழக்கும் பிள்ளைகளும் உண்டு என்பது மறுப்போர் வாதம். இருதிறத்தார்க்கும் வேண்டியது ஒன்றே: எந்தப் பிள்ளை, எந்த வயதில், எதைக் கண்டு, யாரோடு பேசி, என்ன ஆயிற்று என்னும் அறிவு.

கவிஞர்களுக்கு இதில் ஒரு பணி உண்டு. ஒன்று முதல் ஏழு வரை மனநிறைவுக்கு ஓர் எண் இடுக என்னும் வினாத்தாளில், ஒரு பிள்ளை மூன்று என்று எழுதுகிறது. அந்த மூன்றுக்குள் இருக்கும் நாணமும் பொறாமையும் தனிமையும் தனித்தனிப் பெயர் பெற வேண்டியவை. தன் துயருக்குச் சொல் கிடைத்த பிள்ளை அதனைப் பிறரிடம் சொல்லவும் கூடும்.

எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று கேட்கும் வீட்டில், பிள்ளை ஓர் எண்ணைச் சொல்லி எழுந்து போய்விடுகிறது. இன்று அதில் என்ன கண்டாய் என்று கேட்கும் வீட்டில், சிலவேளை அது உட்கார்ந்து பேசுகிறது. ஆய்வுலகம் பெரும் பொருட்செலவில் மெல்லக் கற்றுவரும் இக்கேள்வியை, வீடுகள் இன்றிரவே தொடங்கலாம்.